மணி அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

ஊருணிக் கரையில் போட்டிருக்கும் நடைபாதையில் சைக்கிளை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. மூட்டுவலியோடு காலை ஐந்தரை மணிக்கு நாலு சுற்று நடக்கலாம் என்று வந்தால், முழங்கையை உரசிக்கொண்டு ஒரு கியர் சைக்கிள் பறக்கிறது. பெல்லும் இல்லை, பேச்சும் இல்லை. எனக்கும் இது நடந்திருக்கிறது. ஆனாலும் தடை என்ற முடிவை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும். முப்பத்து மூன்று வருஷம் அடுத்தவர் கடிதங்களைச் சுமந்தவன், என் கடிதம் ஒன்றுக்கு இடம் கொடுங்கள்.

நான் ஓய்வு பெற்ற தபால்காரன். காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களிலேயே சர்வீஸ் முழுக்க ஓடிவிட்டது, அத்தனை வருஷமும் சைக்கிள்தான். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். மலேசியாவிலிருந்து ஏர்மெயில் வந்திருக்கும், முன்வாசலில் பூட்டு தொங்கும், வீட்டு ஆட்கள் அடுப்படிப் பக்கம் இருப்பார்கள். அந்த வெயிலில் சைக்கிளை வளைத்துக்கொண்டு பின்தெருவுக்குப் போய் மணி அடிப்பேன். அந்த மணிச் சத்தத்துக்காகக் காத்திருந்த வீடுகள் உண்டு. பெல் என்றால் கூப்பிடுவதற்கு என்றுதான் எனக்குப் பழக்கம். ஆளை விலக்குவதற்கு அதை அடித்த ஒரு நாளில்தான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். பொங்கல் நேரம். வாழ்த்து அட்டைகள் மூட்டை மூட்டையாக வருகிற காலம் அது, இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பை நிறைந்து, கேரியரிலும் ஒரு கட்டு, நேரமோ ஆகிவிட்டது. குடிதண்ணீர் ஊருணியிலிருந்து ஒரு ஆச்சி இடுப்பில் குடத்தோடு தெருவின் இடப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். வலப்பக்கமாகத் தாண்டிப் போய்விடலாம் என்ற கணக்கில், அவர் முதுகுக்குப் பின்னால் வந்ததும் கிணிங் கிணிங் என்று அடித்தேன். அவர் திடுக்கிட்டு, நான் எந்தப் பக்கம் போக நினைத்தேனோ அதே பக்கம் ஒதுங்கினார். குடம் ஒரு பக்கம், ஆச்சி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பாதி ஊருக்கு வந்த பொங்கல் வாழ்த்து தண்ணீரில். நல்லவேளை எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் சேலையை உதறிக்கொண்டு கேட்டார்: "ஏம்ப்பா, மணிய அடிச்சியே, எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு அடிச்சே?"

இன்றைக்கு வரை என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பாருங்கள், பெல் சத்தத்தில் "நான் வருகிறேன்" என்கிற சேதி மட்டும்தான் இருக்கிறது. எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், நிற்கட்டுமா நடக்கட்டுமா, ஒன்றும் இல்லை. 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிற சைக்கிள் ஒரு நொடியில் நாலு மீட்டரைத் தாண்டிவிடும், அது ஒன்றும் பெரிய வேகமும் கிடையாது, பள்ளிக்கூடப் பையன் சாதாரணமாக மிதிக்கிற வேகம்தான். பத்தடி தூரத்தில் வந்து மணி அடித்தால், கேட்டவர் தலையைத் திருப்புவதற்குள் சக்கரம் அவர் காலடியில் இருக்கும்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது. ஐம்பது அறுபது அடிக்கு முன்பே மெதுவாக ஒரு முறை மணி. ஆள் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் மிதிப்பதை நிறுத்திவிட்டு, குரல் கொடுப்பேன்: "ஆச்சி, சோத்துக்கைப் பக்கமா வர்றேன், நீங்க அப்படியே நடங்க." இதில் அந்த "அப்படியே நடங்க" ரொம்ப முக்கியம். அவர் விலக வேண்டியதே இல்லை, விலகுவது என் வேலை, அவர் போகிற கோட்டிலேயே போனால் எனக்குப் போதும். காது கேட்காதவரா, கைக்குழந்தையோடு போகிறவரா, கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு போகிறவரா, இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுவேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை இறங்கியிருப்பேன் என்று எண்ணியதில்லை, அதனால் தபால் ஒன்றும் தாமதமாகிவிடவில்லை.

முன்னால் போகிறவருக்கு முதுகில் கண் கிடையாது. பின்னால் வருகிறவருக்கு எல்லாம் தெரிகிறது, அதனால் பொறுப்பும் பின்னால் வருகிறவருடையது. எனக்குத் தெரிந்த சட்டம் இவ்வளவுதான். இதைக் கிட்டத்தட்ட இதே மாதிரி பிரிட்டனில் எழுதியே வைத்துவிட்டார்கள். 2022 ஜனவரியில் திருத்திய அவர்களுடைய சாலை விதிநூல்படி, யாரால் அடுத்தவருக்கு அதிகக் காயம் உண்டாக்க முடியுமோ அவருக்குத்தான் அதிகப் பொறுப்பு: லாரிக்காரர் கார்க்காரரைப் பார்த்துப் போக வேண்டும், கார்க்காரர் சைக்கிள்காரரை, சைக்கிள்காரர் நடக்கிறவரை.

சரி, தடை விஷயத்துக்கு வருகிறேன். ஊருணிக் கரையில் சைக்கிள் விடுவது யார் என்று அந்த வாசகர் ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு வந்து பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் போகிற பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள் நிறைய. மெயின் ரோட்டில் டவுன் பஸ்ஸும் டிப்பர் லாரியும் போகிற போக்கில் எந்தத் தாய் மகளை அங்கே சைக்கிளில் அனுப்புவாள்? என் மைத்துனி புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் அங்கே ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்ததே, அப்போது கற்றுக்கொண்டவர். முதல் நாள் தெருவே கூடி நின்று சிரித்ததாம். அப்படிச் சிரிப்பைத் தாண்டி வந்தவர்களின் பேத்திகளைத்தான் இப்போது ஊருணிக் கரையிலிருந்து விரட்டச் சொல்கிறோம்.

என் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அங்கே இரண்டு மாதம் தங்கியிருந்தேன். டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் போனதைவிட அவர்கள் நடைபாதைகளைப் பார்த்து நின்றதுதான் அதிகம் என்று மகள் கேலி செய்கிறாள். சாதாரண நடைபாதையில் சைக்கிளுக்கு 10 கிலோமீட்டர் வேகம்தான், இரண்டு பேருக்கும் பொதுவான அகலப் பாதையில் 25. எல்லோரும் இடப்பக்கம், தாண்டுவது வலப்பக்கம். மின்சார ஸ்கூட்டர் அட்டகாசம் தாங்காமல் 2019 நவம்பரில் அதை நடைபாதையில் அடியோடு நிறுத்தினார்கள். 2025 ஜூலையிலிருந்து, பக்கத்திலேயே சைக்கிள் பாதை இருக்கும் இடங்களில் நடைபாதை நடப்பவருக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். கவனியுங்கள், முதலில் சைக்கிளுக்குத் தனிப் பாதை, அப்புறம்தான் தடை. தனிப் பாதை கொடுக்காமல் தடையை மட்டும் இங்கே கொண்டுவரலாம் என்பது பந்தி போடாமலே இலையை எடுக்கச் சொல்வது மாதிரி இருக்கிறது.

நம் ஊரில் உடனே நிறுத்த வேண்டியது ஒன்று இருக்கிறது: மோட்டார் சைக்கிள். பேவர் பிளாக் பாதை என்றால் குறுக்கு வழி என்று ஏற்றிவிடுகிறார்கள், அதற்கு மன்னிப்பே கிடையாது. பேட்டரி சைக்கிளையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம் என்றால் சட்டப்படி அது மோட்டார் வாகனமே ஆகாது, லைசென்ஸும் வேண்டாம். ஆனால் செயின் சத்தம்கூடக் கேட்காமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பதில் பூனை தோற்றுவிடும்.

நடக்கிறவர்களையும் விட்டுவிட முடியாது, நானும் அதில் ஒருவன்தான். மூன்று பேர் தோளோடு தோள் சேர்ந்து, பேத்தி கல்யாணத்துச் சீர் வரிசை முழுவதையும் பேசி முடிக்கும் வரை, பாதையை அடைத்துக்கொண்டு நடக்கிறோம். எங்கள் கரையில் சில இடங்களில் பாதை ஐந்தடிகூட இல்லை. நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஆறடி, இருக்க வேண்டும் என்று, சாலை போடுவதற்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதல் 2012-லேயே சொல்கிறது. நடைபாதை என்பது உயிர்வாழும் உரிமையில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. அகலப்படுத்தச் சொல்லிக் கேட்போம், கேட்க வேண்டியதுதான். அதுவரை இருக்கிற ஐந்தடியில் இரண்டு காதிலும் இயர்போன் சொருகிக்கொண்டு நடந்தால், பெல் அடித்தாலும் குரல் கொடுத்தாலும் என்ன பயன்? ஒரு காதையாவது ஊருக்கு விட்டுவையுங்கள். நாயைக் கூட்டி வருகிறவர்கள் கயிற்றைப் பாதைக்குக் குறுக்கே விடாமல் சுருட்டிப் பிடியுங்கள், சைக்கிளில் வருகிற பிள்ளைக்கு இருட்டில் அந்தக் கயிறு தெரியாது.

நடைபாதையே இல்லாத ரோட்டில் வலப்பக்கம் நடக்க வேண்டும் என்பதும் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. "இடப்பக்கம் செல்" என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வண்டிக்கும் காலுக்கும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டோம். வலப்பக்கம் நடந்தால் வருகிற வண்டி எதிரே வரும், முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்ளலாம், முதுகுப் பிரச்சினையே இல்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிற கூட்டத்தைப் பாருங்கள், ராத்திரி நேரத்தில் பாதிப் பேர் வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போகிறார்கள். அந்த நாட்களில் எங்கள் ஊர் வழியாகச் சைக்கிளில் போகிற யாரும் பெல்லையே தொட வேண்டாம் என்பது என் கருத்து. கால் கொப்புளத்தோடு நடக்கிறவர் திடுக்கிட்டுத் திரும்பவும் மாட்டார், "அரோகரா" சத்தத்தில் அவருக்குக் கேட்கவும் செய்யாது. முன்னால் விளக்கு, வேகம் குறைவு, வேண்டுமானால் இறங்கித் தள்ளு.

என்னை உரசிப் போன கியர் சைக்கிள் பையனை மறுநாள் நிறுத்திக் கேட்டேன். "கடைல வாங்குறப்பவே பெல் இல்ல தாத்தா" என்றான். பெல் போனால் போகட்டும், வாய் இருக்கிறதே என்று ஆச்சி கதையைச் சொன்னேன். சிரித்தான். இப்போது ஊருணியின் அந்தக் கரையில் வரும்போதே "தாத்தா, ரைட்டு! அப்படியே நடங்க!" என்று கத்துகிறான், முன்னால் போகிற நாலு தாத்தாக்களும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்க்கிறார்கள். அது வேறு தொல்லை, அதைப் பழக்கிக்கொள்ளலாம்.

கடிதம் எழுதிய அந்த வாசகரிடம் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தினமும் ஐந்தரைக்குக் கிழக்குப் படித்துறைப் பக்கம்தான் இருப்பேன், வந்தால் சேர்ந்து நடக்கலாம். எதிரே சைக்கிள் வந்தால் நான் உங்களுக்குப் பின்னால் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால்காரர்,
காரைக்குடி வட்டம்.