கயல், அப்பா எழுதுகிறேன்

வாட்ஸ்அப்பில் எது போட்டாலும் ஒற்றை டிக்கோடு நிற்கிறது, அதனால்தான் பேப்பரில் எழுதி உன் ரூம் விலாசத்துக்கு அனுப்புகிறேன், கரைக்கு வந்ததும் படி. கப்பல் ஏறுமுன் அம்மாவுக்கு மட்டும் போன் போட்டாயாம். சரி, அவசரமாக இருந்திருக்கும். ராத்திரியில் மேல்தளத்தில் கம்பி ஓரம் நிற்காதே.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நம் வாய்க்காலுக்கு இன்னும் ஏறவில்லை. நாற்று விட்டாச்சு. அதை விடு.

டீக்கடையில் உன் பேச்சுதான். இந்தியப் பெருங்கடலுக்கு நடுவில் 75,000 சதுர கிலோமீட்டர் நம் நாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள், ஐயாயிரம் மீட்டர் ஆழத்தில் உருளைக்கிழங்கு மாதிரி உலோகக் கட்டி கிடக்கிறது, என் பெண் அதை ஆராயத்தான் போயிருக்கிறாள் என்றேன். "பட்டா உண்டா மாமா?" என்கிறான் கடைக்காரன். தேடிப் பார்க்க மட்டும்தான் அனுமதி என்று நீ சொன்னதையே சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது. அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

பொங்கலுக்கு வந்தபோது காட்டினாயே ஒரு வீடியோ, அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பெரு நாட்டுக் கடலடியில் 1989-ல் ஜெர்மன்காரர்கள் ஏர் மாதிரி ஒன்றை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2015-ல் திரும்பப் போனால், நேற்று ஓட்டின சால் போல அப்படியே கிடக்கிறது. நம் ஆறு ஒரு வெள்ளத்தில் விரற்கடை வண்டல் போட்டு வரப்பையே மறைத்துவிடும். ஆழ்கடலில் பொதுவாக ஆயிரம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் மண் படியும், கட்டியோ பத்து லட்சம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும் என்றாய். ஒரு கட்டியைப் பிடித்துக்கொண்டு கடற்பஞ்சு ஒன்று ஒல்லித் தண்டோடு நிற்குமே, மேலேயிருந்து உதிர்கிற தூசியும் எச்சமும்தான் அதற்குச் சோறு. சுற்றிலும் சேறு, வேர் போல ஊன்றிக்கொள்ள அந்தக் கட்டியை விட்டால் வேறு கெட்டி இடம் கிடையாது. "கட்டியைப் பொறுக்கிட்டா இது எங்கப்பா போகும்?" என்று கேட்டாய். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன்.

அன்றைக்குப் பெரியப்பா திண்ணையில் பேசினது உன் காதில் விழுந்திருக்கும். விழுந்தது என்றுதான் நினைக்கிறேன், மறுநாளே கிளம்பிவிட்டாயே.

கீழ்வயல் நாலு மாவில் குழாய் பதிக்க ஊரே கையெழுத்துப் போட்டது, நானும் போட்டேன் என்றுதான் உன்னிடம் சொல்லியிருந்தேன். ஊர் போடவில்லை. போடக்கூடாது என்று கோயிலில் கூடிப் பேசிவிட்டு வந்தோம், அன்று ராத்திரியே முதல் ஆளாகப் போய்ப் போட்டது நான்தான். உன் ஹாஸ்டல் பணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது என்று என் மனசுக்குச் சொல்லிக்கொண்டேன், ஆனால் கேட்டிருந்தால் உன் மாமா கொடுத்திருப்பார், கேட்க எனக்கு வெட்கம். அடிமண்ணை மேலே போட்டு மூடிவிட்டுப் போனார்கள். இத்தனை எரு அடித்தும் அந்தத் தடத்தில் பயிர் ஒரு சாண் குட்டையாகத்தான் நிற்கிறது, வரப்பில் நின்றால் கோடு தெரியும். நீ வரும்போதெல்லாம் உன்னை மேல்வயல் பக்கமாகவே கூட்டிப் போனது அதனால்தான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கரைக்கு வந்ததும் அம்மா நம்பருக்கே கூப்பிடு, ஸ்பீக்கரில் போடச் சொல்கிறேன், நான் பக்கத்தில்தான் இருப்பேன். கம்பி ஓரம் நிற்காதே.

அப்பா