பிரஷரை இரண்டு கையிலும் பாருங்கள்

மதுரை மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி, பேரையூர் அரசு மருத்துவமனைகளில் இரவுப்பணி பார்க்கும் டாக்டர்கள், நர்ஸ்களுக்கும் வணக்கம்.

நெஞ்சுவலி என்று வருபவருக்கு ஒரு கையில் பிரஷர் பார்த்து, ஈசிஜி எடுத்து, ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் கொடுத்து 108-இல் ஏற்றிவிடுவது பழகிப்போன வேலை. வருபவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் சரி. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் உட்சுவர் கிழிந்து வருபவருக்கு மட்டும் அது வினையாகும். கிழிசல், இதயத்தசைக்கு ரத்தம் தரும் வலது கொரோனரிக் குழாயின் வாயை அடைத்துவிட்டால் ஈசிஜி அச்சு அசலாக மாரடைப்பைக் காட்டும். அதை நம்பி ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் கசிவு நிற்காது.

வலி ஆரம்பித்த நொடியிலேயே உச்சத்தில் இருந்ததா, முதுகுக்குப் போய்க் கீழே இறங்கியதா என்று கேளுங்கள். “முதுகைப் பிளக்குற மாதிரி” என்று நோயாளியே சொல்லிவிடுவார். பட்டையை இன்னொரு கைக்கும் மாற்றிக் கட்டுங்கள். மேல் அளவு 20-க்கு மேல் வித்தியாசப்பட்டால் ரத்தக்குழாயைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன் பார்க்காமல் கட்டி கரைக்கும் ஊசி வேண்டாம். இரண்டும் சமமாக இருப்பதை மட்டும் வைத்துக் கிழிசல் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது.

கூடுதலாகக் காட்டும் கையின் அளவே கணக்கு. வலிக்கு மார்ஃபின் கொடுத்து, நாடியை 60-க்குள்ளும் மேல் அளவை 100–120-க்குள்ளும் கொண்டுவர வேண்டும். முதலில் நாடி, பிறகு பிரஷர். கிழிசலை நீட்டுவதில் ஒவ்வொரு துடிப்பும் சுவரில் மோதும் வேகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நாக்கடியில் நிஃபிடிபின் வைத்தால் பிரஷர் சரியும், நாடி எகிறும், மோதல் கூடும். நாடி, பிரஷர் இரண்டையும் குறைக்கும் லேபட்டலால் ஊசி உங்கள் பிரசவ வார்டிலேயே இருக்கும்: 20 மி.கி., இரண்டு நிமிடத்தில் மெதுவாக. 10 நிமிடம் கழித்துத் தேவைப்பட்டால் 40. ஆஸ்துமா இருந்தாலோ, பிரஷர் ஏற்கெனவே விழுந்திருந்தாலோ தொடாதீர்கள்.

இதயத்தை ஒட்டிய ஏறுபகுதியில் கிழிந்தால் அவசர அறுவை சிகிச்சைதான். இடது கைக்குப் போகும் கிளையைத் தாண்டிக் கிழிந்து, குடல், சிறுநீரகம், கால் ஏதாவது ஒன்றுக்கு ரத்தம் நின்றாலோ, சுவர் வெடிக்கும் நிலைக்கு வந்தாலோ உறை ஸ்டென்ட் வைப்போம். கொரோனரியில் வைப்பது 3 மி.மீ. கம்பிச் சுருள், இது 30 மி.மீ. அளவுக்கு அகலமான, துணி போர்த்திய குழாய். கிழிசலின் வாயை மூடியதும், சுவருக்குள் புகுந்து வழியை நெரித்துக்கொண்டிருந்த ரத்தத்துக்கு வரத்து குறைகிறது. அசல் வழி விரிகிறது, சுவருக்குள் உண்டான பொய்வழியில் ரத்தம் தேங்கி உறைகிறது. எல்லாம் உறைந்தால் நல்லது. கீழே இன்னொரு துளை இருந்து, பாதி உறைந்து பாதி ஓடினால்தான் தொல்லை: உள்ளே போக வழி இருக்கும், வெளியேற இருக்காது, சுவர் வீங்கும். அதனால்தான் ஸ்டென்ட் வைத்த பிறகும் 1, 6, 12-ஆம் மாதங்களில் சி.டி., பிறகு ஆண்டுக்கொன்று. ‘சரியாப் போச்சே, எதுக்கு?’ என்று கேட்பவரை அனுப்பிவையுங்கள்.

அடுத்தது ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர்களுக்கும் போய்ச் சேர வேண்டியது. ஸ்டென்டின் தலைமாட்டில் பிடிமானத்துக்கு 2 செ.மீ. நல்ல சுவர் வேண்டும். அது கிடைக்காதபோது இடது கைக் கிளையின் வாயையும் சேர்த்து மூட நேரும். கழுத்துக் குழாயிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுவழி (பைபாஸ்) போடாதிருந்தால், ரத்தம் மூளையின் பின்பக்கம் சுற்றித்தான் வரும். வலது கையில் 160 ஓடும்போது இடது கை 115 காட்டலாம். ‘பிரஷர் நார்மல், மாத்திரையைக் குறைச்சிக்கோங்க’ என்று யாராவது சொன்னால், மிச்சமுள்ள கிழிசல் அந்த 160-ஐத்தான் தாங்க வேண்டும். நாடியைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நாடியும் துள்ளும்.

நேர்மாறான ஒன்றும் உண்டு. ஸ்டென்ட் வைத்தவருக்குத் திடீரென்று கால்கள் விழுந்துவிட்டால் தண்டுவடத்துக்கு ரத்தம் போதவில்லை என்று பொருள். அப்போது பிரஷரைக் குறைக்கும் மருந்தை நிறுத்திவிட்டு உடனே அனுப்புங்கள்.

இணை இயக்குநரிடம் கேட்பது இரண்டு. ரெஃபரல் சீட்டில் ‘பி.பி.’ என்று இருக்கும் ஒரு கட்டத்தை ‘வலது’, ‘இடது’ என்று இரண்டாக்குங்கள். உறை ஸ்டென்டால் இடது கைக் கிளை மூடப்பட்டவரின் மாத்திரை அட்டையில் ‘வலது கையில் மட்டும் பார்க்கவும்’ என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்தச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மதுரையில் ரத்தநாள சிகிச்சைப் பணியில் இருப்போர்