பரிசு வேண்டாம், மாதம் 75 ரூபாய் கொடுங்கள்

யுனெஸ்கோ நிர்வாகக் குழுவில் இருக்கும் 58 நாடுகளின் பிரதிநிதிகளுக்கு, வடசென்னை ராயபுரத்திலிருந்து வணக்கம்.

நான் ஹார்பரில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, சாயங்காலம் ஆறிலிருந்து எட்டரை வரை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஃபீஸ் கிடையாது. சாக்பீஸ் தீர்ந்தால் யாராவது வாங்கி வருவார்கள். உங்கள் தலைமையகம் இருக்கும் பாரிஸுக்குக் கடிதம் எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, "பஸ் ஏறினா பத்து நிமிஷம், நேர்லயே போய்ப் பேசிட்டு வாங்களேன்" என்றாள் என் மனைவி. எங்களுக்குப் பாரிஸ் என்றால் இங்கே பக்கத்தில் இருக்கும் பாரிமுனைதான்.

விஷயம் இதுதான். படிப்பிலும் ஆராய்ச்சியிலும் சாதித்தவர்களுக்கு நீங்கள் பரிசு கொடுப்பதை நிறுத்த வேண்டும். அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது. இந்த எண்ணம் எனக்கு வந்ததே ஒரு மெடலைப் பார்த்துத்தான்.

போன வருடம் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி கழுத்தில் மெடலோடு மாடிக்கு வந்தாள். நீல ரிப்பன், நடுவில் உலக உருண்டை, சுற்றிலும் 'இன்டர்நேஷனல்' என்று எழுத்து. ஏதோ ஒரு தனியார் கம்பெனி நடத்தும் தேர்வு. பள்ளி வழியாகப் பணம் கட்டி எழுத வேண்டும். வகுப்பில் முதல் மூன்று பேருக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம். இவள் வகுப்பில் அதை எழுதியவர்களே நாலு பேர்தானாம். அம்மா காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் தெருத் தெருவாக விற்பவர். மெடலைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார்கள். ஐப்பசி மழையில் அந்தச் சுவர் ஊறியது. அப்புறம் ஒருநாள் அந்த அம்மா மெடலை என் கையில் வைத்தார். "இன்னா சார், தங்கம்னு சொல்லிக் குடுத்தாங்கோ, வஞ்சிரம் செதிலாட்டம் உரியுது?"

கம்பெனிக்காரர்களைத் திட்டுவது சுலபம், திட்டியும் தீர்த்தேன். ஆனால் அவர்கள் விற்றது தகரத்தை அல்லவே. 'சர்வதேசம்' என்ற சொல்லை. அந்தச் சொல்லுக்கு அவ்வளவு மவுசு வந்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு.

உங்கள் பரிசுகளிலேயே பழையது கலிங்கா பரிசு. 1951-இல் எங்கள் நாட்டு பிஜு பட்நாயக் கொடுத்த நன்கொடையில் தொடங்கியது. அறிவியலை மக்களிடம் கொண்டுபோனவர்களுக்குத் தருவது. 1996-இல் அறிவியல் கதைகளும் எழுதிய வானியலாளர் ஜயந்த் நார்லிகர் வாங்கினார். 2009-இல் இயற்பியலாளர் யஷ்பால் வாங்கினார். தூர்தர்ஷனில் யஷ்பால் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதை வேலை முடிந்து வந்து வாய் பிளந்து பார்த்தவன் நான். அவர்கள் தகுதியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் அந்தப் பரிசு வராமல் போயிருந்தால் நார்லிகர் ஒரு கதையாவது குறைவாக எழுதியிருப்பாரா?

அது கௌரவமான பரிசு. இன்னொன்றும் உங்களிடம் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் இருக்கும் எக்குவடோரியல் கினியை 1979-இல் ராணுவப் புரட்சி நடத்திப் பிடித்து, அன்றிலிருந்து ஆண்டுகொண்டிருக்கும் ஒபியாங், உயிரியல் ஆராய்ச்சிக்கு என்று 30 லட்சம் டாலர் கொடுத்தார். 2008-இல் அவர் பெயரிலேயே ஒரு பரிசை ஏற்படுத்தினீர்கள். எதிர்ப்புக் கிளம்பியது, தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுகூட வேண்டாம் என்றார். கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தீர்கள். 2012-இல் ஓட்டெடுப்பு நடத்தி, ஆதரவு 33, எதிர்ப்பு 18 என்று, ஆளின் பெயரை எடுத்துவிட்டு நாட்டின் பெயரை வைத்து அதே பரிசைக் கொடுத்தீர்கள். எங்கள் பக்கம் கோயில் ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவார்கள், வெளிச்சம் பாதிதான் வரும். நீங்கள் பெயரை மட்டும் துடைத்துவிட்டு லைட்டை எரியவிட்டீர்கள்.

சரி, பரிசுக்கு ஆள் எப்படி வருகிறார்? அரசாங்கம் பரிந்துரைக்க வேண்டும், அல்லது உங்களோடு பதிவான ஓர் அமைப்பு பரிந்துரைக்க வேண்டும். லெட்டர்ஹெட், ரப்பர் ஸ்டாம்பு, ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு. ஏற்கனவே நாலு பேருக்குத் தெரிந்தவர்தான் அந்த வழியில் வர முடியும்.

இதைப் பற்றி எனக்கு இவ்வளவு பிடிவாதம் இருப்பதற்கு நான் வேலை பார்த்த இடமும் காரணம். 1912-இல் ஹார்பரை நடத்திய மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில், இதே கணக்குப் பிரிவில், ஒரு குமாஸ்தா சேர்ந்தார். பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் ஒன்றுக்கு இரண்டு தடவை தோற்றவர். கணக்கைத் தவிர மற்றதில் மார்க் வாங்காததால் கும்பகோணம் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்பை இழந்தவர். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போட்டவர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், வருடத்துக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்றுதான் ராமானுஜன் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

அன்றைக்கு உங்கள் நிறுவனம் இருந்திருந்தால் அவருக்கு எந்தப் பரிசு கிடைத்திருக்கும்? எந்த அரசாங்கம் அவரைப் பரிந்துரைத்திருக்கும்?

நடந்தது வேறு. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் 1913 பிப்ரவரியில் ஹார்பரைப் பார்க்க வந்தார். அவரும் கணக்கு படித்த ஆள். போர்ட் டிரஸ்ட் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் அந்தக் குமாஸ்தாவின் தாள்களை அவரிடம் காட்டினார். மறுநாளே வாக்கர் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்க விதியில் இடமில்லை. இருந்தும் மெட்ராஸ் பல்கலைக்கழகம் கொடுத்தது: மாதம் 75 ரூபாய், இரண்டு வருடம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அறிக்கை தர வேண்டும். அன்றைக்கு ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய் என்பதால் 75 ரூபாய் வருடத்துக்கு 60 பவுண்டு ஆகிறது. ஹார்டிக்கு எழுதிய சம்பளத்தைப்போல மூன்று மடங்கு. குமாஸ்தா பேரேட்டை மூடி வைத்துவிட்டு நாள் முழுக்கக் கணக்குப் போட்டார். 1914-இல் கப்பல் ஏறினார். பிரிட்டனின் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் கௌரவம் 1918-இல் வந்தது. 1920-இல் இறந்துவிட்டார், 32 வயதில். கௌரவத்தோடு இரண்டே வருடம். அந்த 75 ரூபாய் 1913-இல் வராமல் போயிருந்தால் 1918-இல் கௌரவிக்க யார் இருந்திருப்பார்?

பரிசு பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும் என்பீர்கள். மறுக்க மாட்டேன், கண்ணால் பார்த்திருக்கிறேன். 2024 நவம்பரில் புதுவண்ணாரப்பேட்டை காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அடித்து வந்தார். அடுத்த மாதமே என்னிடம் படிக்கிற இரண்டு பெண்கள் கேரம் கிளப்பில் சேர்ந்து, எனக்கு ஹோம்வொர்க் போடுவதை நிறுத்திவிட்டார்கள். (வருத்தம்தான், சொல்லவில்லை.) ஆனால் கேரமில் காயின் குழியில் விழுந்தால் விழுந்ததுதான். எந்த மந்திரியும் கையெழுத்துப் போட வேண்டாம். ஆடிய போர்டும் இவர்கள் தெருவில் போட்டு ஆடும் அதே போர்டுதான், அதே போரிக் பவுடர்தான். கணிதத்தில் நாற்பது வயதுக்குள் கொடுக்கும் ஃபீல்ட்ஸ் மெடலை வாங்கிய ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்று மாடியில் கேட்டேன். மெடல் இருக்கிறதே யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே என் கணக்கைப் பாருங்கள். அந்த கினிப் பரிசு தொடங்கியபோது அதன் தொகை வருடத்துக்கு 3 லட்சம் டாலர், அதிகபட்சம் மூன்று பேருக்கு. அதை 200 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1500. மாதம் 125 டாலர். நம்ம பணத்தில் பத்தாயிரத்துக்கு மேல். ஒரு பையன் கன்டெய்னர் யார்டுக்கு ராத்திரி வேலைக்குப் போகாமல் இரண்டு வருடம் படிக்க இது போதும். மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை கேளுங்கள், அவரவர் மொழியில். பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கொஞ்சம் பார்த்து வாங்குங்கள்.

இருநூறு பேரை எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பி.கே.சீனிவாசன் என்றொரு கணக்கு வாத்தியார் இருந்தார். ராமானுஜனின் கடிதங்களையும், அவரோடு பழகியவர்களின் நினைவுகளையும் தேடிச் சேகரித்து 1968-இல் நூலாகக் கொண்டுவந்தார். வெளியிட்டது பல்கலைக்கழகமோ அகாடமியோ இல்லை, அந்தப் பள்ளிதான். 1993-இல் இங்கே ராயபுரத்தில் ராமானுஜனுக்கு ஒரு அருங்காட்சியகமும் வைத்தார். சின்ன இடம். அவர் மாதிரி ஆட்களுக்குத் தன் பேட்டையில் எந்தப் பிள்ளை சிலேட்டை முழங்கையால் அழிக்கிறது என்று தெரியும். அப்படி ஒரு வாத்தியார் எழுதும் ஒரு கார்டைப் பரிந்துரையாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஏமாற்றுவார்கள், ஆமாம். 200-இல் இருபது வீணாகும் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது மட்டும் எல்லாம் சரியான கைக்கா போகிறது?

உரிந்த மெடல் இப்போது என் மாடியில்தான் இருக்கிறது. போன வாரம் அந்தப் பெண் அதன் ரிப்பனை அதன் விளிம்பிலேயே சுற்றி, பேனாவால் குறித்து, ஸ்கேலில் வைத்து அளந்தாள். 15.8 சென்டிமீட்டர். விட்டம் 5. வகுத்தால் 3.14 வர வேண்டிய இடத்தில் 3.16 வந்தது. "தப்பா சார்?" என்றாள். ரிப்பனுக்கும் ஒரு தடிமன் இருக்கிறதே என்றேன். கொஞ்ச நேரம் ரிப்பனையே விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு தையல்கடையில் நூல் வாங்கி வருகிறேன் என்று படி இறங்கி ஓடினாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற குமாஸ்தா, ராயபுரம்