ஜெபிக்க வாய் வராத அக்காவுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்கா, ஸ்தோத்திரம்.

அத்தான் கர்த்தருக்குள் நித்திரையடைந்து இரண்டு மாதம் ஆகிறது. குடும்ப ஜெபத்தில் வாயே திறக்க முடியவில்லை, விசுவாசம் போய்விட்டதோ என்று பயந்து எழுதியிருந்தீர்கள். போகவில்லை அக்கா. உங்களைப் போன்றவர்களுக்கென்றே வேதத்தில் சங்கீதங்கள் என்ற ஜெபப் பாட்டுகள் இருக்கின்றன. 150-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான்.

13-ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். மொத்தமே ஆறு வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் ‘எதுவரைக்கும்’ என்ற சொல் நான்கு முறை வருகிறது. சத்தமாக வாசியுங்கள், ஒவ்வொரு ‘எதுவரைக்கும்’ வரும்போதும் நிறுத்தி, உங்கள் கேள்வியைச் சொல்லுங்கள். ‘எதுவரைக்கும் அவர் கட்டிலைப் பார்த்துக்கொண்டே படுப்பேன்?’ என்றும் கேட்கலாம். 3, 4 வசனங்கள் விண்ணப்பம். 5, 6 நம்பிக்கையும் பாட்டும். பலரும் தடுமாறுவது இங்கேதான்: மனம் 4-இல் நிற்கும்போது வாயை 6-க்கு இழுப்பார்கள், நாலு நாளில் வேதத்தைத் தொடவே வெறுத்துவிடும். வராவிட்டால் 4-இலேயே ஆமென் சொல்லி மூடிவிடுங்கள். ஒரு வாரம் இது ஒன்றே போதும்.

இது முறுமுறுப்பு ஆகாதா என்று கேட்பீர்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்கள் கூடாரத்துக்குள் இருந்துகொண்டு தேவனைப் பற்றிப் பேசினார்கள், அது முறுமுறுப்பு. சங்கீதக்காரன் அவரிடமே பேசுகிறான்.

தூக்கம் வராத இரவுக்கு 88-ஆம் சங்கீதம். மற்ற முறையீடுகளில் பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும், இது திரும்பாது. எபிரெயுவில் இதன் கடைசிச் சொல்லே ‘இருள்’. அப்படியே வேதத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள் அக்கா, திருத்தவில்லை.

சாப்பிடாமல் ஜெபித்துக்கொண்டிருக்க வேண்டாம். சாக வேண்டுமென்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தூதன் எழுப்பிக் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். அவன் தின்று மறுபடி தூங்கினான். தூதன் மறுபடி எழுப்பித் தின்னச் சொன்னான். பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. தூக்கமும் பசியும் இப்படியே போனால் மருத்துவரைப் பாருங்கள், அது அவிசுவாசம் இல்லை.

‘விசுவாசிகள் அழக்கூடாது’ என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். மரித்துப்போன சிநேகிதன் லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். பிள்ளைகளையும் இழந்து துக்கத்தில் இருந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தது வரைக்கும் நல்ல சிநேகிதர்தான்.

அடுத்த மாதம் பேரனுக்கு ஞானஸ்நானம். அன்றைக்குச் சிரிப்பதா அழுவதா என்று கேட்டிருந்தீர்கள். வேதத்தில் எஸ்றா 3-ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டுப் போங்கள். எருசலேமில் இடிந்துபோன ஆலயத்துக்கு மறுபடி அஸ்திபாரம் போட்ட அன்று, பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் சத்தமிட்டு அழுதார்கள், மற்றவர்கள் ஆர்ப்பரித்தார்கள். எது அழுகை, எது ஆரவாரம் என்று ஒருவராலும் பகுத்தறிய முடியவில்லை. யாரும் யாரையும் அடக்கச் சொல்லவில்லை.

முன் வரிசையில் உட்காருங்கள். கைக்குட்டை இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி