பெயர் மாற்றத்துக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டிய நன்றிதான். ஆனால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு யாரிடமும் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை, யாரையாவது விட்டுவிட்டால் அது வேறு காலத்துக்கும் சொல்லிக் காட்டப்படும், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

விஷயம் பாதிப் பேருக்குத் தெரியும். என் கடைசிப் பெயர் சட்டப்படி மாறிவிட்டது. என்னை வளர்த்த அப்பாவின் பெயர் இப்போது என் பெயரோடு வருகிறது. பெற்ற அப்பாவின் பெயர் எங்கேயும் போகவில்லை, நடுவில் இருக்கிறது. அது நடுவில் வந்ததற்குக் காரணமானவர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் வீட்டுக்காரர். கல்யாணத்தின்போது நான் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, அவரும் கேட்கவில்லை. அப்படி இருந்தவள் திடீரென்று அப்பா பெயரைச் சேர்க்கப்போகிறேன் என்றதும், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, புதுக் கையெழுத்து போட்டுப் பழகு" என்றார். அவ்வளவுதான். உறவில் ஒருவர் "புருஷன் பேரைச் சேர்க்க மனசு வரல, இதுக்கு மட்டும் வந்துடுச்சா?" என்று கேட்டபோது பதில் சொன்னது என் மாமியார். "அது அவளுக்கும் அவங்க அப்பாவுக்கும் உள்ளது, நமக்கு என்ன?" என்று சொல்லி அந்தப் பேச்சையே முடித்துவிட்டார். அத்தை, உங்களுக்குப் பெரிய நன்றி. நான் பதில் சொல்லியிருந்தால் அது சண்டையாகத்தான் முடிந்திருக்கும்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா அவரைக் கல்யாணம் செய்துகொண்டபோது நான் சின்னப் பெண். வெகுநாள் வரைக்கும் 'அங்கிள்' என்றுதான் கூப்பிட்டேன், எப்போது அது அப்பாவாக மாறியது என்று எங்கள் இரண்டு பேருக்குமே நினைவில்லை. அவரும் இப்படிக் கூப்பிடு, அப்படிக் கூப்பிடு என்று சொன்னதே கிடையாது. பள்ளிக்கூடத்துப் படிவங்களில் 'தந்தை கையொப்பம்' என்று அச்சடித்திருக்கும் இடத்தில், அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே பொடி எழுத்தில் 'பாதுகாவலர்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். மார்க் ஷீட், சுற்றுலாப் படிவம், எல்லாவற்றிலும் அந்தக் கோடு இருக்கும். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை, இறந்துபோன ஒரு மனிதரின் இடத்தில் தான் கையெழுத்துப் போடக்கூடாது என்று அவராகவே வைத்துக்கொண்ட கணக்கு அது. பிரசவத்துக்கு என்னை மருத்துவமனையில் சேர்த்தபோது அவர்தான் கூட இருந்தார். அங்கே கொடுத்த படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் 'அப்பா' என்று எழுதியிருந்தார். தந்தை என்றுகூட இல்லை, அப்பா. எனக்கு இருந்த வலியில் அப்போது கவனிக்கவில்லை, டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்த ஃபைலைப் புரட்டியவள் என் தங்கை, போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள்.

இப்படிப்பட்டவரிடம் போய்ப் பெயர் மாற்றப்போகிறேன் என்றால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தீர்களா? ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றுவிட்டார். "உங்க அப்பா பேரு என்னால போச்சுன்னு இருக்கக்கூடாதும்மா" என்பதுதான் அவருடைய ஒரே பதில். அம்மா பேசினாள், நான் பேசினேன், நடக்கவில்லை. பெயரை எடுக்க வேண்டாம், நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவள் தங்கை. சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு ஃபோனைப் பார்க்கப் போய்விட்டாள். சின்ன வயதில் "நமக்கு ஏன் வேற வேற பேரு?" என்று கேட்டு வீட்டில் எல்லோரையும் முழிக்க வைத்தவளும் இவள்தான். தங்கச்சி, இனிமேல் உன் பார்சலை நானும் என் பார்சலை நீயும் பிரித்துவிடும் வாய்ப்பு அதிகம், பார்த்துக்கொள்.

ஆனால் அப்பாவை ஒத்துக்கொள்ள வைத்தது அப்பத்தா. என்னைப் பெற்ற அப்பாவின் அம்மா. மகனைப் பறிகொடுத்தவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் போய்ச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் ஒரு பேப்பரைக் கொடுத்து, "எப்படி வரும்னு எழுதிக் காட்டு" என்றார். எழுதினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார், மகனின் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இவன் நடுவுல இருக்கான், அவரு பக்கத்துல நிக்கிறாரு, சரியாத்தான் இருக்கு" என்றார். அடுத்த கேள்வியே, "அவருக்குச் சர்க்கரை இப்ப எப்படி இருக்கு?" என்பதுதான். அன்று சாயங்காலமே அப்பாவுக்கு ஃபோன் போட்டு, "தம்பி, புள்ள ஆசைப்படுது, மறுக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் அப்பா வாயைத் திறக்கவில்லை. அப்பத்தா, உங்கள் காலில் விழுந்துதான் நன்றி சொல்ல வேண்டும், நேரில் வருகிறேன்.

சித்தப்பாவுக்கு இதில் மனத்தாங்கல் இருந்தது, எனக்குத் தெரியும். அண்ணன் பெயரை ஓரங்கட்டுகிறாள் என்று நினைத்திருக்கலாம். ஆனாலும் என் பழைய பிறப்புப் பதிவின் நகல் எங்குமே கிடைக்காமல் நான் அலைந்துகொண்டிருந்தபோது, அவருடைய பெட்டியிலிருந்து தேடி எடுத்து அனுப்பியவர் அவர்தான். மனசுக்குப் பிடிக்காத காரியத்துக்கும் உதவி செய்வது எல்லோராலும் முடிகிற வேலை இல்லை சித்தப்பா.

அப்புறம் வழக்கறிஞர் அக்கா. முதல் சந்திப்பிலேயே, "பெயர் மாற்றம் வேண்டுமா, தத்தெடுப்பு வேண்டுமா?" என்று கேட்டார். இரண்டும் ஒன்று என்றுதான் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரின் பெயரை வைத்துக்கொள்வதால் மட்டும் சட்டத்தின் கண்ணில் அவர் பிள்ளை ஆகிவிட மாட்டோம், வாரிசுரிமை தானாக வந்துவிடாது, அதற்குத் தத்தெடுப்பு வேண்டும், சொத்துக்கு மட்டும் என்றால் உயில் போதும். வளர்ந்தவர்களைத் தத்தெடுக்கச் சில நாடுகளில் வழி உண்டு, சில நாடுகளில் கிடையாது. பெயரை மாற்றும் வழியும் நாட்டுக்கு நாடு வேறு: இங்கிலாந்தில் சாட்சிகளோடு கையெழுத்திட்ட ஒரு பத்திரமே போதும், அமெரிக்காவில் பெரும்பாலும் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும், இந்தியாவில் உறுதிமொழிப் பத்திரம், பத்திரிகை விளம்பரம், அப்புறம் அரசிதழ். எனக்குச் சொத்து பற்றிய கேள்வியே இல்லை, பெயர் போதும் என்றேன். ஒரு வாக்குவாதமும் செய்யாமல் அதற்கு மட்டும் ஃபீஸ் வாங்கினார்.

எனக்கு நடுவில் தயக்கம் வந்தபோது தைரியம் சொன்ன அலுவலகத் தோழிக்கும் நன்றி. சரித்திரப் பைத்தியம் அவள். அமெரிக்க ஜனாதிபதிகளிலேயே இரண்டு பேர் இதைச் செய்திருக்கிறார்கள் என்றாள். ஜெரால்ட் ஃபோர்டு பிறந்தபோது அவர் பெயர் லெஸ்லி லிஞ்ச் கிங். அம்மாவின் இரண்டாவது கணவர் பெயரைத்தான் 1935-இல், 22 வயதில், சட்டப்படி தன் பெயராக்கிக்கொண்டார். அந்த வளர்ப்புத் தந்தை அவரை முறைப்படி தத்தெடுத்ததே இல்லையாம், என் கதை மாதிரியேதான். பில் கிளின்டன் பிறக்கும் முன்பே அவருடைய அப்பா விபத்தில் போய்விட்டார், 15 வயதில் வளர்ப்புத் தந்தையின் பெயரை எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் குடியும் அடிதடியும் இருந்திருக்கிறது, அதனால் எல்லோரும் ஒரே காரணத்துக்காகப் பெயர் மாற்றுவதில்லை என்றும் புரிந்தது. நான் ஜனாதிபதி ஆகப்போவதில்லை, இருந்தாலும் கேட்பதற்கு நன்றாக இருந்தது.

அதே தோழிதான் எதை முதலில் மாற்றுவது என்றும் வரிசை போட்டுக் கொடுத்தாள். முதலில் அடையாள அட்டை, அதை வைத்து பாஸ்போர்ட், அதற்குப் பிறகுதான் வங்கி, சம்பளக் கணக்கு, வரி, காப்பீடு. பெயர் மாற்ற ஆணையின் சான்றளித்த நகல்களைத் தேவைக்கு மேலேயே வாங்கி வைத்துக்கொள் என்றாள், அது பிற்பாடு எவ்வளவு உதவியது என்று சொல்லி மாளாது. பாஸ்போர்ட் மாறும்வரை எங்கேயும் டிக்கெட் போடாதே என்றாள், விமான டிக்கெட்டில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும் இல்லையா. ஒரு வங்கியில் மட்டும் கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். கையெழுத்தை மாற்றத்தானே வந்திருக்கிறேன், அது எப்படிப் பழையதோடு பொருந்தும் என்று கேட்டால் சிஸ்டம் ஏற்கவில்லை என்றார்கள். அங்கே வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையன் மேனேஜரிடம் போய் நின்று பேசித்தான் அது முடிந்தது. தம்பி, நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

என் ஆராய்ச்சி வழிகாட்டிக்கு: முனைவர் பட்டம் பழைய பெயரில்தான் இருக்கும், அதை மாற்றப்போவதில்லை. கட்டுரைகளும் அப்படியே இருக்கட்டும். ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் அடையாளமாகக் கொடுக்கும் ஆர்சிட் (ORCID) எண் 16 இலக்கம், பெயர் மாறினாலும் எண் மாறாது, இரண்டு பெயர்களையும் அதில் சேர்த்துவிட்டேன், நீங்கள் சொன்னபடி. அந்தப் பட்டம் வாங்கிய பெண்ணும் நான்தானே.

அம்மாவுக்கு இங்கே நன்றி எழுதினால் அடி விழும், அதனால் எழுதவில்லை.

குழந்தை பிறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று ஓடியது எல்லோருக்கும் தெரியும். முடிந்துவிட்டது. அவனுடைய பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் என்ற இடத்தில் என் முழுப்பெயர் இருக்கிறது, எழுத்துப்பிழை இல்லாமல். நீளமான பெயர், கட்டத்துக்குள் அடங்காது என்று யோசித்தவர்களுக்கு: அடங்கியது, கடைசி எழுத்து மட்டும் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

இனி சில தகவல்கள். என் பழைய மின்னஞ்சல் முகவரி இன்னும் வேலை செய்கிறது, புதிதை வேண்டியவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பத்திரிகை அனுப்புபவர்கள் எந்தப் பெயரில் அனுப்பினாலும் வந்துவிடுவேன். அப்பா பணி ஓய்வு பெறும் விழா அடுத்த மாதம், எல்லோரும் வாருங்கள். வந்த இடத்தில் இந்த மடலைப் பற்றி மட்டும் அவரிடம் பேச்செடுக்காதீர்கள், "இதையெல்லாம் நாலு பேருக்குச் சொல்லணுமா?" என்று என்னைத்தான் திட்டுவார்.