தனியாளாக விடாத உங்களுக்கு: ஒரு கல்லூரி நூலகரின் நன்றி மடல்

அன்புள்ள நூலகர் சங்க நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த மாதக் கடைசியில் நான் பணி ஓய்வு பெறுகிறேன். பிரிவுபசார விழாவில் கல்லூரிக்கு நன்றி சொல்லிவிடுவேன். ஆனால் நூலகர் என்ற முறையில் நான் கடன்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்த அரங்கில் இருக்க மாட்டார்கள். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் சென்னையிலும் அவரவர் நூலகத்தில் வேலையாக இருப்பீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் நூலகர்களும் படிக்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு.

எந்தத் துறையிலும் ஆசிரியர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியில் கேட்டுக்கொள்ளலாம். நூலகர் மட்டும் கல்லூரிக்கு ஒருவர்தான். வேதாரண்யம் பக்கத்தில் இருக்கும் எங்கள் கல்லூரியில், இந்த வகைப்பாட்டு எண் சரியா, இந்த மென்பொருள் தேறுமா என்று கேட்க எனக்கு ஆள் கிடையாது. இது எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியருக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்ததும், "சங்கத்துக்கு ஆயுள் சந்தாவைக் கட்டிவிடும்மா, அங்கே தனியாகக் கிடக்காதே" என்று சொல்லி, விண்ணப்பத்தையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். 1928இல் சென்னையில் நூலகச் சங்கம் தொடங்கி, மறு ஆண்டே நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பும் நடத்திய, இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் ரங்கநாதன், நம் சீர்காழிக்காரர் என்பதை அவர் பெருமையோடு சொல்வார். 1931இல் மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்கள் ஊர் ஊராகப் போன கதையையும் சொல்வார். சங்கம் இல்லாமல் இந்தத் தொழிலே இங்கே வந்திருக்காது என்பது அவர் கட்சி. அவர் இன்று இல்லை. என் முதல் நன்றி அவருக்குத்தான்.

சரி, உறுப்பினர் அட்டை கைக்கு வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. அப்போதைய செயலாளர் மேடம் எனக்கு ஒரு வேலை கொடுத்த பிறகுதான் மாறியது. ஆண்டு மாநாட்டில் பதிவு மேசையில் என்னை உட்கார வைத்தார். வருகிறவரிடம் பெயர் கேட்டு, கையெழுத்து வாங்கி, பையும் உணவுச் சீட்டும் கொடுக்க வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் யார் எந்த ஊர், யார் எதில் கெட்டிக்காரர், யாருக்குத் தேநீர் பிடிக்கும், யாருக்குக் காப்பி என்பது வரை எனக்குத் தெரிந்துவிட்டது. மாநாட்டில் கட்டுரை வாசிப்பது நல்லதுதான், நானும் வாசித்திருக்கிறேன். ஆனால் பதிவு மேசை எனக்குக் கொடுத்ததை எந்தக் கட்டுரையும் கொடுக்கவில்லை. மேடம், அந்த வேலையைத் தெரிந்தேதான் என்னிடம் கொடுத்தீர்கள் என்று பின்னால் புரிந்துகொண்டேன். நன்றி.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் கரையில்தான் ஏறியது. நூலக மேல்தளத்தின் தகரக் கூரை பறந்துவிட்டது. வரலாறு, தமிழ்ப் பிரிவு அலமாரிகள் ஒரு பக்கம் முழுக்க நனைந்துவிட்டன. கரண்ட் இல்லை, செல்போன் இல்லை. மறுநாள் என் கணவர் வண்டியில் திருவாரூர் வரை போய், சங்கத்தின் உறுப்பினர் கையேட்டில் நான் குறித்துக் கொடுத்திருந்த எண்ணுக்குப் பேசினார். எதிர்முனையில் இருந்தவர் தஞ்சாவூரில் ஓலைச்சுவடிகளோடும் பழைய நூல்களோடும் வாழ்நாளைக் கழித்த ஐயா. அவர் சொல்லச் சொல்ல என் கணவர் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்தார். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது.

நனைந்த புத்தகத்தைத் திறக்காதே, பக்கத்தைப் பிரிக்காதே. வெயிலில் போடாதே, அட்டை வளைந்து தாள் மொறுமொறுத்துப் போகும். ரெண்டு நாளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும், அதனால் காற்றுதான் முக்கியம், ஜன்னல்களைத் திறந்துவை. சொட்டச் சொட்ட நனைந்ததைப் படுக்க வைத்து வடியவிடு. ஓரளவு ஈரம் இருப்பதை நிமிர்த்தி, பக்கங்கள் விசிறி போல லேசாக விரியும்படி நிறுத்து. இடையிடையே அச்சடிக்காத வெள்ளை நியூஸ்பிரிண்ட் வை, பழைய பேப்பர் வேண்டாம், மை ஒட்டும். வழுவழுப்பான ஆர்ட் தாள் புத்தகங்களை முதலில் கவனி, காய்ந்தால் கல்லாக ஒட்டிக்கொள்ளும். கடையில் மறுபடி கிடைக்கும் பாடப் புத்தகங்களைக் கடைசியில் பார்த்துக்கொள். கடைசி வரிதான் எனக்குத் தெளிவு கொடுத்தது. எதைக் காப்பாற்றுவது என்று தெரியாமல் அத்தனை புத்தகங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

அதோடு விடவில்லை நீங்கள். சாலைகளில் விழுந்த மரங்களை வெட்டி வழி விட்டதும் தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்தீர்கள். நியூஸ்பிரிண்ட் கட்டுகள், முகக்கவசம், கையுறை, ஒரு வாடகை ஜெனரேட்டர், எங்களுக்குச் சோற்று மூட்டை. உங்களில் சிலருடைய வீட்டிலேயே அப்போது ஓடு இல்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் நூலக உதவியாளர் அண்ணன், தன் தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்து கிடக்கும்போது, புயலுக்கு முந்தின நாளே பாலித்தீனில் சுற்றிவைத்த, நூலகத்தில் சேர்ந்த புத்தகங்களை வரிசையாகப் பதியும் சேர்க்கைப் பதிவேட்டைக் கையில் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பதிவேடு இல்லையென்றால் எது போனது, எது இருக்கிறது என்றே கணக்கெடுத்திருக்க முடியாது. அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பூஞ்சையில் போன புத்தகங்களும் உண்டு. ஆனால் உள்ளூர் வரலாறு பற்றிய பழைய வெளியீடுகள் பெரும்பாலும் பிழைத்தன. இப்போதும் மாணவர்கள் எடுத்துப் படிக்கிறார்கள்.

அப்புறம் கோஹா என்ற இலவச நூலக மென்பொருளுக்கு மாறிய கதை. எங்கள் பழைய மென்பொருளை விற்ற நிறுவனம் பராமரிப்பை நிறுத்திவிட்டது. தமிழ் நூல்களின் விவரமெல்லாம் பழைய எழுத்துருவில் இருந்தது. அதில் கொம்பை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அடிப்போம், யூனிகோடில் எழுத்துக்குப் பிறகுதான் கொம்பு. அப்படியே மாற்றினால் "கோ" என்பது மூன்று துண்டாகச் சிதறும். மதுரைத் தம்பி ஒருவர் இதற்கென்று சிறிய நிரல் எழுதி, முதலில் கொஞ்சம் பதிவுகளில் சோதித்து, பிறகு மொத்தத்தையும் மாற்றிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஆசிரியர் பெயர்களைச் சீர் செய்யச் சொல்லிக்கொடுத்தவர் சென்னை அக்கா. தலைப்பெழுத்து முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, புனைபெயரில் ஒருமுறை என்று ஒரே ஆசிரியர் மூன்று பேராகக் கிடப்பார். கல்கி என்று தேடுகிறவருக்கும் ரா. கிருஷ்ணமூர்த்தி என்று தேடுகிறவருக்கும் ஒரே பட்டியல் வர வேண்டும் என்பதில் அக்கா காட்டிய பிடிவாதம் இருக்கிறதே, அது என்னிடமும் ஒட்டிக்கொண்டது.

பார்வையற்ற மாணவி ஒருத்தி முதலாமாண்டு சேர்ந்தபோது, கோவையிலிருந்து ஒரு சார் தொலைபேசியிலேயே, கணினித் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானை நிறுவ வழிகாட்டினார். பார்வையற்றோருக்கான இணைய நூலகமான சுகம்யா புஸ்தகாலயாவில் அவளை உறுப்பினராக்கவும் சொன்னார். அவள் இப்போது ஒரு பள்ளியில் தமிழாசிரியை. இதை அந்த சாருக்கு இந்த மடல் வழியாகத்தான் சொல்கிறேன்.

மாநாடுகளுக்கும் பயிலரங்குகளுக்கும் ஓ.டி. (பணி நிமித்தமாக வெளியே போக அனுமதி) கொடுத்த முதல்வர்களுக்கும் நன்றி. "நூலகத்தைப் பூட்டிவிட்டு மாநாடு எதற்கு" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்தபோது நூலகக் கணினிமயம் பற்றிய அத்தனை கேள்விக்கும் கையில் ஆதாரம் இருந்ததைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி நின்றது.

புதிய நூலகர்களுக்கு ஒன்று. சங்கத்தில் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. குறைந்த சம்பளத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறவர்களுக்குச் சந்தாப் பணமும் பெரிதுதான். அதனால் கட்டிய பணத்துக்கு முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குப் போனால் கடைசி வரிசையில் உட்காராமல் ஏதாவது ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். சந்தேகத்தை மனசில் வைத்துக்கொள்ளாமல் போன் போடுங்கள். பெரிய பல்கலைக்கழக நூலகராயிற்றே, பேசுவாரா என்று தயங்க வேண்டாம். என்னிடம் யாருமே போனை வைத்துவிட்டதில்லை.

என் இடத்துக்கு வருகிறவருக்குப் பழைய கையேட்டை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். யாரிடம் எதைக் கேட்கலாம் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். நான் ஆயுள் உறுப்பினர்தானே, அதற்கு ஓய்வு கிடையாது. அடுத்த மாநாட்டில் பதிவு மேசைக்கு ஆள் தேவைப்பட்டால் முதல் நாளே வந்துவிடுகிறேன்.

என்றும் அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் சக நூலகர்