மணக்குடிக் கிணற்றின் உப்பு

நாகர்கோவில்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது என்ற வரியைப் படித்த பிறகுதான் மற்ற வரிகளில் மனம் சென்றது. நீரில் உள்ள உப்பின் குளோரைடை மின்னழுத்தத்தால் அளக்கும் மின்முனை உங்கள் ஆய்வகத்துக்கு வந்துவிட்டதால், சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டையும் அதில் ஊற்றும் சில்வர் நைட்ரேட்டையும் இனிப் பரணில் ஏற்றிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

சென்ற மாதம் மணக்குடிக் காயலை ஒட்டிய ஒரு விளையின் (தோப்பின்) கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வந்தேன். நீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவைக் காட்டும் கடத்துத்திறன் மீட்டர் சென்டிமீட்டருக்கு 1,400 மைக்ரோசீமன்ஸ் காட்டியதும், கடல் உள்ளே ஏறிவிட்டது என்று விளைக்காரர் கலங்கிப்போனார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த மீட்டர் குளோரைடு, பைகார்பனேட் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. கரைந்திருக்கும் எல்லா அயனிகளையும் கூட்டியே சொல்லும். ஆகவே 50 மில்லியைக் கூம்புக் குடுவையில் எடுத்து, பொட்டாசியம் குரோமேட் சேர்த்து, 0.0141 நார்மல் செறிவுள்ள சில்வர் நைட்ரேட்டைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டேன். வெள்ளி முதலில் குளோரைடோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும்; குளோரைடு தீர்ந்த பிறகே குரோமேட்டோடு சேர்ந்து நிலையாகச் சிவக்கும். சொட்டு விழுந்த இடத்தில் சிவப்பு தோன்றுவதும் குலுக்கியதும் மறைவதுமாக நெடுநேரம் போய், கடைசியில் அந்த மஞ்சள் கலங்கலில் செங்கல் சாயல் கலையாமல் நின்றபோது அளவு 18.2 மில்லி. காய்ச்சி வடித்த நீருக்கு ஆன 0.2 மில்லியைக் கழித்தால், லிட்டருக்கு 180 மில்லிகிராம் குளோரைடு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு ஏற்கத்தக்கது என்று சொல்லும் வரம்பு 250. கடல்நீரிலோ ஏறத்தாழ 19,000. கடல் உள்ளே ஏறிவிட்டது என்று கலங்க வேண்டியதில்லை, மீட்டர் காட்டிய எண்ணில் மற்ற அயனிகளுக்கும் பங்குண்டு என்று அன்றே சொல்ல முடிந்தது.

உன் மின்முனை குளோரைடைத் தனியே அறியும் என்பது உண்மைதான்; நிறம் படிந்த நீரிலும் அது வேலை செய்யும் என்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். ஆயினும் அதன் மின்னழுத்தம் செறிவின் மடக்கையைப் பின்பற்றுகிறது: செறிவு பத்து மடங்கு மாறினால் 25 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட்தான் மாறும். எனவே ஒரு மில்லிவோல்ட் பிசகினால் விடையில் 4 விழுக்காடு, அதாவது நம் கிணற்றில் 7 மில்லிகிராம் தவறும். பியூரெட்டில் நான் 0.05 மில்லி தவறாகப் படித்தாலும் அரை மில்லிகிராம்தான். அதோடு, மின்முனையைத் திருத்துவதற்கான தரக்கரைசல் சரிதானா என்று பார்க்கவும் உனக்குப் பியூரெட் வேண்டுமே!

ஜெர்மன் வேதியியலாளர் மோர் (Mohr) 1856-இல் சொன்ன இந்தப் பியூரெட் முறைக்கும் இடர்கள் உண்டு. நீரின் அமில-கார அளவான பிஎச் 7-க்கும் 10-க்கும் இடையில் இருக்க வேண்டும்; அமிலமானால் குரோமேட் டைகுரோமேட்டாக மாறி முடிவுநிலை தள்ளிப்போகும். கதம்பை (தேங்காய் மட்டை) ஊறப்போட்ட காயல் நீரில் சல்பைடு இருப்பதால் வீழ்படிவு கறுத்துவிடுகிறது; ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து அதைப் போக்கிய பிறகே தொடங்குகிறேன். மின்முனையின் மேற்பரப்பையும் சல்பைடு கெடுக்கும் என்பதால் நீயும் அதைச் செய்யத்தான் வேண்டும். குரோமேட்டின் நஞ்சும் வெள்ளியின் விலையும் எனக்கும் உறுத்தலே. கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிக் குப்பியில் சேர்த்து வைக்கிறேன்.

நாற்பது கிணறுகளை ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் நானும் கடத்துத்திறன் மீட்டரைத்தான் எடுத்துச் செல்வேன். முந்தைய மாதத்திலிருந்து எண் மாறிய கிணறுகளை மட்டும் பியூரெட்டுக்குக் கொண்டுவருவேன்.

அடுத்த வாரம் தம்பி மகன் அங்கே வரும்போது இரண்டு குப்பிகள் கொடுத்தனுப்புகிறேன். ஒன்று கிணற்று நீர், மற்றது காயல் நீர். உன் மின்முனையில் பார்த்து எண்களை எழுது. என் எண்களை அதுவரை உனக்குச் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய ஆய்வகத் தோழன்